ஏழாம் எண் குளியலறையின் தரை

2014 மே மூன்றாம் தேதி, சனிக்கிழமை. புவெப்லா மாநிலம் அத்லிஸ்கோவில் கட்டிக்கொண்டிருந்த ஓட்டலின் ஏழாம் எண் குளியலறையில் கடைசி டைல்ஸ் கல்லைப் பதித்தபோது மணி பதினொன்று நாற்பது.

வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டீர்களா, மேடம்? நல்லது. கொத்தனார்கள் கடிகாரம் பார்ப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சிமெண்டில் தண்ணீர் விழுந்த நிமிடத்திலிருந்து எங்களைப் போல நேரம் பார்க்கிறவர்கள் கிடையாது.

என் பெயர் எவரிஸ்தோ தெக்குவாபெத்லா. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக மேஸ்திரி. மணலும் சிமெண்டும் கலந்து, மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டு அதன்மேல் கல் பதிப்பது என் முறை. கம்பெனி ஆள் ஒஸ்வால்தோவின் முறை வேறு. மூட்டையில் வரும் பசைப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, பல் வைத்த கரண்டியால் தேய்த்து ஒட்டுவார். அரை விரல் கனம் போதும். பழைய மேஸ்திரி புதுப் பொருளை வெறுத்தான் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அதுவும் தவறு. பசை நல்ல பொருள். போன வருடம் என் வீட்டுச் சமையலறைச் சுவருக்குப் பசைதான் போட்டேன். அவருடைய கம்பெனிச் சரக்குதான். இன்றுவரை ஒரு கல் அசையவில்லை.

ஒஸ்வால்தோ ஏப்ரல் நடுவில் முதல்முறை வந்தார். பசைக் கம்பெனி தன் பொருளைப் போட்டுக் காட்டுவதற்காக அனுப்பிய ஆள். நாற்பது குளியலறைகளில் ஆறை நான் முடித்திருந்தேன். மீதியை எந்த முறையில் செய்வது என்று ஆர்க்கிடெக்ட் நோயெமி அம்மாள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒஸ்வால்தோ சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து பெசோ நாணயத்தை எடுத்தார். குனிந்து, என் தரைகளை ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார். அடியில் கலவை நிறைந்த கல் கெட்டியாகக் கேட்கும். காலியாக இருந்தால் டொங் என்று கேட்கும். ஒவ்வொரு டொங்குக்கும் சிவப்புச் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். மூன்றாம் எண் குளியலறையில் மட்டும் பத்தொன்பது குறி.

"மேஸ்திரி, தப்பா எடுத்துக்காதீங்க. இது தரையா, மரிம்பா வாத்தியமா? ரெண்டு குச்சி குடுத்தா நான் ஒரு பாட்டே வாசிச்சுடுவேன்," என்றார்.

என் ஆட்கள் பதினான்கு பேரும் அங்கே நின்றிருந்தார்கள். முதலில் சிரித்தது பெர்மின், பதினோரு வருடமாக என்னோடு வேலை செய்கிறவன். ஆர்க்கிடெக்ட் அம்மாளும் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் கலவை போடும் இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "மரிம்பா மேஸ்திரிக்கு ரெண்டு வாளி தண்ணி!" அந்த வாரக் கடைசியில் தெருமுனையில் சாப்பாடு விற்கிற பெண்மணிகூட, "மரிம்பாவுக்கு இன்னைக்கு எத்தன தக்கோ?" என்று கேட்டாள்.

நியாயமாகச் சொன்னால் அந்தப் பத்தொன்பது கல்லும் காலிதான். அந்த வாரம் நான் அவசரப்பட்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

இப்போது சிமெண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீர் சேர்ந்த சிமெண்ட் தோலைத் தின்னும். நெருப்பைப் போல உடனே சுடாது, அதனால்தான் ஆபத்து. சோப்பைப் போல வழுவழுவென்று இருக்கும். நனைந்த துணியோடு தோலில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக உள்ளே இறங்கிக்கொண்டே போகும். வலி தெரியும்போது வேலை முடிந்திருக்கும். இது எந்தச் சித்தாளுக்கும் தெரியும். பசையிலும் சிமெண்ட் உண்டு, ஆனால் அது கரண்டியில் நிற்கும், மனிதன்மேல் ஊறாது. அதில் பழகியவர்களுக்குப் படித்துத் தெரியுமே தவிர, முட்டிக்குத் தெரியாது. சிமெண்ட் மூட்டையிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். ஒஸ்வால்தோ பட்டம் வாங்கியவர். அவரால் படித்திருக்க முடியும்.

மே மூன்று எங்கள் கொத்தனார்களின் சிலுவைத் திருநாள். காலையில் அரை நேர வேலை, மதியம் முதலாளி விருந்து. அந்த விருந்தில் முடிவைச் சொல்வதாக ஆர்க்கிடெக்ட் அம்மாள் சொல்லியிருந்தார். முந்தின நாள் ஒஸ்வால்தோ எட்டாம் எண் குளியலறையைப் பசையில் முடித்திருந்தார். சுத்தமான வேலை. சனிக்கிழமை காலையில் ஆட்கள் முன்னால் அவரைக் கூப்பிட்டேன்.

"இன்ஜினியரே, உங்க வேலைய நான் பாத்தேன். இன்னைக்கு என் வேலையில ஒரு கை போடுங்க. நாணயத்தால தட்டுற கை கலவையத் தொடுதான்னு பசங்க பாக்கட்டும்."

"தொடாம என்ன, மேஸ்திரி? மரிம்பா செய்யக் கத்துக்கிட்டா நாளைக்கு உதவும்," என்றார் அவர். ஆட்கள் விசில் அடித்தார்கள்.

முழங்காலில் கட்டிக்கொள்ளும் அவருடைய முட்டிப் பட்டை வண்டியில் இருந்தது. எடுக்கக் கிளம்பினார். "எதுக்கு? பத்து நிமிஷ வேலை," என்றேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

வழக்கமாக என் கலவை ஈர மணலைப் போல இருக்கும், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும். அன்றைக்குக் கஞ்சி பதத்தில் கலந்தேன். நீற்றின சுண்ணாம்பும் கூடுதலாகச் சேர்த்தேன். பரப்பியபின் மேலே சிமெண்ட் பால் ஊற்றினேன், தேவையைவிட அதிகமாக. தொழில்முறையில் இதற்குக் காரணம் சொல்ல முடியும்: கல் நன்றாகப் பிடிக்கும். நான் அடுப்பங்கரையில் உட்காருவதுபோலக் குந்தி உட்கார்ந்து வேலை செய்தேன். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. முழங்காலை ஊன்றினார். கால்சட்டை தொடைவரை நனைந்தது.

நான் அவரைத் தொடவில்லை. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். கை நன்றாகத்தான் வந்தது அவருக்கு. இன்னும் இரண்டு மாதம் இருந்தால் நல்ல கொத்தனார் ஆகியிருப்பார்.

பன்னிரண்டு மணிக்குப் பூச்சுற்றிய சிலுவையை மொட்டைமாடியில் நட்டு வாணம் விட்டோம். கீழே மேசை போட்டிருந்தது. கொழுப்பில் வறுத்த பன்றிக்கறி, தொர்த்தியா ரொட்டி, வினிகரில் ஊறிய மிளகாய் ஒரு பெரிய டப்பா நிறைய. ஒஸ்வால்தோ கால்சட்டை மாற்றிவிட்டு வருவதாகச் சொன்னார். நான் அவர் தோளில் கை வைத்தேன். சரி, தொடவில்லை என்று சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்போது தொட்டேன்.

"இன்னைக்கு மாத்துத் துணியில வந்து உக்காந்தா விருந்தாளி. இப்படியே உக்காந்தா எங்க ஆளு. எது வேணும்?"

அவர் என் வலப்பக்கம் உட்கார்ந்தார். சிலுவைத் திருநாளில் மேஸ்திரி எழும்வரை அவர் பக்கத்தில் இருப்பவர் எழுவதில்லை. என் ஆட்களிடம் அது வழக்கம்.

மிளகாய் டப்பாவிலிருந்து வினிகரை உள்ளங்கையில் ஊற்றிக் கைகளையும் கணுக்கால்களையும் துடைத்துக்கொண்டேன். சிமெண்டின் காரத்தை வினிகர் முறிக்கும். நாங்கள் எல்லோரும் செய்வதுதான்.

"அது எதுக்கு மேஸ்திரி?" என்று கேட்டார்.

"பன்னி நாத்தம் போக," என்றேன்.

இது ஒன்றுதான் நான் அன்று சொன்ன பொய்.

ஒரு மணிக்கு மேல், "முட்டி லேசா குறுகுறுங்குது," என்றார்.

"பின்ன? இத்தன நாள் அது வேலையே செஞ்சதில்லையே," என்றேன். மேசை முழுதும் சிரித்தது. பெர்மின் சிரிக்கவில்லை. குனிந்து அவருடைய கால்சட்டையைப் பார்த்தான்.

"மேஸ்திரி, அவரு துணி இன்னும் ஈரமா..."

"தொர்த்தியா தீந்துபோச்சு. போய் எடுத்துட்டு வா."

போனான். திரும்பி வந்தபோது மேசையின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டான். அவன் தன் வாக்குமூலத்தில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். எல்லாம் உண்மை. ஆனால் அவனும் ஐந்து மணிவரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மூன்று மணிக்கு ஆர்க்கிடெக்ட் அம்மாள் எழுந்து, மீதிக் குளியலறைகள் எல்லாம் பசையில் செய்யப்படும் என்று அறிவித்தார். நான் முதல் ஆளாகக் கை கொடுத்தேன். ஒஸ்வால்தோவின் கண் கலங்கியிருந்தது.

"மேஸ்திரி, உங்க ஆளுங்களுக்கு நானே பசை வேலை கத்துக் குடுக்கிறேன். ஒருத்தரையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். என்னை நம்புங்க," என்றார்.

நம்பினேன். அவர் செய்கிறவர்தான். கோப்பையை மறுபடி நிரப்பினேன்.

நீங்கள் நேற்றும் கேட்டீர்கள், என் வக்கீலும் கேட்டார்: மூன்று மணிக்குப் போட்டி முடிந்துவிட்டதே, அதற்குப் பிறகு ஏன் இரண்டு மணி நேரம்? ஜெயித்தவரை மேசையிலிருந்து எழுப்பி அனுப்புவது மரியாதை இல்லை. அதுதான் என் பதில். வேறு பதில் இல்லை.

ஐந்து மணிக்கு நான் எழுந்தேன். அவரும் எழப் பார்த்தார். முட்டி நிமிரவில்லை. "மரத்துப்போச்சு," என்று சிரித்தார். பெர்மின் ஓடிவந்து கால்சட்டையைக் கத்தரித்தான். தோல் துணியோடு வந்தது. ஒஸ்வால்தோ அதைக் குனிந்து பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். கத்தவில்லை. வலிக்கவே இல்லை என்றார். மிளகாய் டப்பா மேசையில்தான் இருந்தது, பாதி காலியாக.

வருத்தம் தெரிவிக்கும்படி வக்கீல் சொன்னார். தண்டனை குறையுமாம். நான் செய்ததைச் சொல்கிறேன், செய்யாததைச் சொல்ல மாட்டேன். யாரும் மரிம்பா என்று கூப்பிடாத ஒருவர் எனக்கு நீதி சொல்ல வேண்டாம்.

அப்புறம் அந்தக் கேள்வி. நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ஆமாம், எனக்குத் தெரியும். வந்த முதல் நாளே குளிர்பானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே சொன்னார், சிரித்துக்கொண்டே: "பதினஞ்சு வருஷமா சர்க்கரை, மேஸ்திரி. முட்டிக்குக் கீழ ஆணி குத்துனாலும் தெரியாது." அதைக் கேட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் கலவையில் சுண்ணாம்பைக் கூட்டினேன். முட்டிப் பட்டையை எடுக்க விடாததும் அதனால்தான். சீக்கிரம் வலி தெரிகிற ஆளாக இருந்தால் அவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். போதுமா?

இது தரையைப் பற்றிய விஷயம், மேடம். நான் போட்ட தரை காலி என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். காலியில்லாத தரை எப்படிப் போடுவது என்று அவருக்குக் காட்டினேன். மற்றதெல்லாம் பிறகு நடந்தது.

மே இருபத்தொன்றாம் தேதி அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். இடது கால் இருக்கிறது, மடங்காது. போன வாரம் உங்கள் ஆட்கள் வந்து ஏழாம் எண் குளியலறையைத் தட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டுக் கல். ஒன்றுகூடக் காலியாக ஒலிக்கவில்லை.