முப்பத்திரண்டு சுற்று

இரவு இரண்டே கால். கொரியாவில் பாஜூ நகருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலை. டாக்சிக்காரன் முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். பனி... தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சம். மூடிக் கிடந்த பாலே நடனப் பள்ளி அது. படப்பிடிப்புக்காகத் திறந்திருந்தார்கள்.

நம் கிடங்கில் பார்சல் பிரிக்கிறானே குன்சிக், அவனுடைய அக்கா ஹேவொனுக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம்.

ஆடி ஆடியே புத்தி பேதலித்துப்போகும் ஒருத்தியின் கதைதான் படம். கதாநாயகிக்கு ஆட வராது. உடம்பு ஹேவொனுடையது. கழுத்துக்கு மேலே கதாநாயகியின் முகத்தைக் கணினியில் ஒட்டிவிடுவார்கள். ஹேவொனுக்கு முப்பத்தைந்து வயது. இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. இதுதான் கடைசி ஆட்டம். அதிலும் முகம் இல்லை.

"டைரக்டர் சார், ஒரே ஒரு சுத்தாவது என் முகத்தோட விடுங்க."

"உன் முகத்துக்கு யாரும்மா டிக்கெட் வாங்குவா?" என்றார் இயக்குநர் மா. "காலைக் கொடு, போதும்."

கண்ணாடிச் சுவர் முன்னால் ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு சுற்று. தலை கிறுகிறுக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. உடம்பு முதலில் திரும்பும். தலை கடைசியில் வெட்டித் திரும்பி, விட்ட புள்ளியையே பிடிக்கும். ஹேவொனுக்கு அந்தப் புள்ளி, கண்ணாடியில் தெரியும் தன் கண்கள்.

டக்... டக்... காலணியின் கட்டை நுனி. வழுக்காமலிருக்க நுனியில் தேய்த்த பிசின் பொடி வாசனை.

ஒன்பதாவது சுற்று. தலை வந்து சேர்வதற்குள் அந்தக் கண்கள் அங்கே இருந்தன. அவளுக்காகக் காத்துக்கொண்டு.

பத்து. இன்னும் வேகமாக வெட்டினாள். அதுதான் முந்தியது. மூடிய கூடத்துக்குள் ஈர மண் வாடை...

மானிட்டர் அருகே யாரோ அலறினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. படப்பிடிப்பில் பேய் வந்தால் படம் ஓடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இயக்குநர் மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கட் சொல்லிடாதீங்கடா... வந்திருச்சு!"

நின்றால் நாளைக்கு வேறொருத்தி ஆடுவாள். ஹேவொன் கண்ணாடியில் இருந்ததைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"முடிஞ்சா நிறுத்திப் பாருடி."

முப்பத்திரண்டும் ஆடினாள். கால் தடுமாறவில்லை. அதற்கு மேல் நான்கு, தனக்காக.

மூன்று வாரம் கழித்து, முகம் ஒட்டுகிற பெண் போன் செய்தாள்.

"அக்கா... மத்ததெல்லாம் ஒட்டியாச்சு. கண்ணாடியில தெரியற முகம் மட்டும் நிக்க மாட்டேங்குது. ராத்திரி ஒட்டிட்டுப் போறேன், காலையில உங்க முகம்தான் இருக்கு."

"அப்படியே விட்டுடு. அதைத்தானே நான் கேட்டேன்?"

"இல்லக்கா... நீங்க சுத்தறப்ப கண்ணாடியில பின்னந்தலை தெரியணும்ல? அங்கயும் முகம்தான். முப்பத்தாறு சுத்துலயும் அது திரும்பவே இல்ல."

ஹேவொன் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"தொடாதே. அது என் ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த குன்சிக், சத்தம் போடாமல் உள்ளே கால் வைத்தான்.

"ஏன்டா, உதட்டுல ரத்தம்? மறுபடி சண்டையா?" என்று கேட்டாள்.

குன்சிக் அங்கேயே நின்றுவிட்டான். அக்கா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அவனுக்குத் தெரிந்தது அவளுடைய பின்னந்தலை மட்டும்தான்.