பாஸ்டன்ல நான் சொன்ன சரி

இல்லீங்க, பனிவண்டிய மெதுவாவே ஓட்டுங்க. ஊர்ல எனக்கு விருந்து வச்சா காத்துக்கிட்டு இருக்காங்க?

ஆமா, பாஸ்டன்லேர்ந்துதான். பதிமூணு மாகாணத்துக்கும் சேர்த்து ஒரே அரசியல் சட்டம்னு எழுதியிருக்காங்கல்ல, அத ஏத்துக்கிறதா வேணாமான்னு கூட்டம். எங்க ஊருக்கு நான்தான் போனேன். வேணாம்னு சொல்லிட்டு வான்னு ஊர்க்கூட்டத்துல தாள்லயே எழுதிக் குடுத்தாங்க. உத்தரவு இல்லாம ஒருத்தன் வீட்டுக்குள்ள சிப்பாய் நுழையக்கூடாதுன்னு அந்தச் சட்டத்துல ஒரு வரி கிடையாதுங்க.

என்னை ஏன் அனுப்பினாங்களா? போன குளிர்காலத்துல, கடனுக்கு நிலத்தப் பறிக்கிறாங்கன்னு விவசாயிங்க கோர்ட்ட மறிச்சாங்களே அந்தக் கலகம், அதுல என் பையன் ஆசகேலும் இருந்தான். சிப்பாய்ங்க கதவ உடைச்சு அவன இழுத்துட்டுப் போனாங்கன்னு ஊரே சொல்லும். ஜெயில்ல அம்மை கண்டு மூணே வாரத்துல போயிட்டான். பத்தொம்பது வயசுங்க. பிள்ளையப் பறிகொடுத்தவன் விலைபோக மாட்டான்னு எல்லாரும் எனக்குக் கை தூக்கினாங்க.

என்ன சொன்னேனா? சரின்னு சொன்னேன்.

அட, வண்டிய ஏன் நிறுத்துறீங்க? ஓட்டுங்க, சொல்றேன். சத்தியமா ஒரு காசு வாங்கல. பட்டுக் கோட்டு போட்ட ஒரு கனவான் பக்கத்துல வந்து உக்காந்தார். முதல்ல ஒத்துக்கோங்க, மனுஷனோட உரிமையெல்லாம் அப்புறமா எழுதிச் சேத்துக்கலாம், என் வாக்கு அதுன்னு தோள்ல கை வச்சார். அந்த வாக்க நம்ப மாட்டேன்னு நான் எப்படிங்க சொல்வேன்? ஓட்டுப் போட என் பேரக் கூப்பிடுறப்போ வாசல்ல ஆசகேல் நிக்கிறான். தலையெல்லாம் வைக்கோல். என்னையே பாக்குறான். வீட்லயும் அப்படித்தான். அவன் அம்மா கண்ணுக்குத் தெரியறதில்ல.

வைக்கோலா? தொழுவத்துப் பரண்லதானே ஒளிஞ்சிருந்தான்.

கதவ யாரும் உடைக்கலீங்க. லெப்டினன்ட் தட்டிட்டு, தொப்பியக் கழட்டிக்கிட்டுத்தான் உள்ள வந்தார். பையன ஒப்படைங்க, மன்னிப்புக் கடுதாசி அப்புறமா எழுதித் தர்றேன், என் வாக்கு அதுன்னார். அவரும் இப்படித்தான் தோள்ல கை வச்சார். அன்னிக்கு நம்பினேனே. இன்னிக்கு நம்ப மாட்டேன்னா, அன்னிக்கு நான் செஞ்சதுக்குப் பேர் என்னங்க?

ஏணியக் கொண்டாந்து சாத்தினது நான்தான். மேலேர்ந்து எட்டிப் பாத்தான். அப்பா பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரேன்னு அவன்பாட்டுக்கு இறங்கி வந்துட்டான்.