எண்ணூறு மீட்டர்

மச்சான்: "ஆஸ்பத்திரி எண்ணூறு மீட்டர்"னு விளம்பரத்துல போட்டிருக்கேன். சரிதானே மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: அந்த வரியை எடுத்துடுங்க.

மச்சான்: எடுக்குறதா? உங்க வீட்டுக்கு அது ஒண்ணுதான் அலங்காரம்! வீட்டை வாங்க வர்றவரோட அப்பாவுக்கு நெஞ்சுக் கோளாறு. எண்ணூறு மீட்டர்னதும் மனுஷன் அப்படியே குளிர்ந்துட்டாரு...

மாப்பிள்ளை: அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.

மச்சான்: இருபது வருஷமா தரகு பாத்துப் பொழைக்கிறவன் நான். நீங்க ஏ.சி. ரூம்ல உக்காந்து ஊரு வீட்டுக்கெல்லாம் விலை போடுறவர்...

மாப்பிள்ளை: இங்க ஃபேனே ஓடல. திரையைப் பாருங்க.

மச்சான்: என்ன இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி?

மாப்பிள்ளை: ஒவ்வொரு புள்ளியும் வித்துப்போன ஒரு வீடு. பரப்பு, வயசு, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்... இதெல்லாம் குடுத்தா கணக்கு ஒரு விலை சொல்லும். அதைவிடக் கம்மியா வித்தது சிவப்பு.

மச்சான்: நம்ம பக்கம் ஒரே சிவப்பா இருக்கே!

மாப்பிள்ளை: நாப்பத்தொரு வீடு. ஒரு வீட்டுக்கு மட்டும் விலை தப்பினா அந்த வீட்டுல ஏதோ குறை. ஒட்டி ஒட்டி நாப்பத்தொண்ணும் தப்பினா, என் கணக்குல ஏதோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

மச்சான்: வாங்குறப்போ மலிவுன்னீங்க...

மாப்பிள்ளை: ஆமா. சந்தைக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட பீத்திக்கிட்டேன்.

மச்சான்: தங்கச்சி எனக்கு ஃபோன் பண்ணி ஒரே சிரிப்பு. "அண்ணா, எங்க வீட்டுக்காரர் ஒரு ஊரையே ஏமாத்திட்டாரு"ன்னு...

மாப்பிள்ளை: ஊரு ஏமாறல. வரைபடத்துல ஸ்கேல் வெச்ச மாதிரி நேர்கோட்டுல அளந்தவன் நான். கோட்டுக்குக் குறுக்க ரயில்வே கேட் இருக்கு. போன மாசம் பூரா அங்க போய் நின்னு, எவ்வளவு நேரம் மூடுறாங்கன்னு குறிச்சேன். ஒரு தடவை மூடினா, சராசரி பதினோரு நிமிஷம்.

மச்சான்: ஓ... அதான் கேட்டுக்காரர் என்னைக் கேட்டாரா! "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் தினமும் வந்து வாட்சைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரே, யார் வரணும்?"னு.

மாப்பிள்ளை: அந்த நிமிஷத்தையும் கணக்குல சேக்குறேன். பாருங்க.

மச்சான்: அட, சிவப்பு போயிடுச்சே!

மாப்பிள்ளை: மலிவும் போயிடுச்சு. நாங்க குடுத்ததுதான் அந்த வீட்டோட சரியான விலை.

மச்சான்: ஏன் மாப்பிள்ளை... பழைய கணக்கையே காட்டினா என்ன? நாலு காசு கூட... சரி சரி, முறைக்காதீங்க.

மாப்பிள்ளை: முறைக்கல.

மச்சான்: தங்கச்சி போன அன்னிக்கும்... பதினோரு நிமிஷம்தானா?

மாப்பிள்ளை: இருபத்திமூணு. சரக்கு ரயில்.

மச்சான்: அது இந்தச் சராசரியில...

மாப்பிள்ளை: இல்ல. அது நான் குறிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.

மச்சான்: ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சுன்னாங்க...

மாப்பிள்ளை: சைரன் எங்களுக்குக் கேட்டுச்சு. எண்ணூறு மீட்டர்தானே. "வந்துட்டாங்க பாரு"ன்னு அவளே சொன்னா.

மச்சான்: ...பேனா குடுங்க. அந்த வரியை அடிச்சுடறேன். வர்றவர்கிட்ட கேட்டைப் பத்தி நானே சொல்லிடறேன்.

மாப்பிள்ளை: சொல்லுங்க. வேண்டாம்னா போகட்டும்.

மச்சான்: அப்போ நான் கிளம்பட்டுமா?

மாப்பிள்ளை: ஒண்ணு கேக்கணும். பழைய வீட்டுக்காரர் ஏன் விலையை இறக்கினாருன்னு, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?

மச்சான்: இப்போ எதுக்கு அது... கணக்குல சேக்கவா?

மாப்பிள்ளை: கணக்குக்கு இல்ல.

மச்சான்: தெரியும். ரயில்வே கேட்டுத் தொல்லைன்னுதான் சொன்னாரு. நானும் அன்னிக்கு ஒரு தூரம் அளந்தேன் மாப்பிள்ளை. உங்க வாசல்லேருந்து என் வீடு கூப்பிடு தூரம்... தங்கச்சி பக்கத்துலயே இருக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்.