மேட்டில் கட்டிய தோணிகள்

தேத்தண்ணீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, தம்பி. பரவாயில்லை, குடிக்கிறேன். சீனியைத் தொடவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒருவர் அன்பாக நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. என் அரசியலே அப்படித்தான் நாசமாய்ப் போனது. நீங்கள் சிரிக்கலாம், நான் கோபிக்க மாட்டேன்.

விசாரணை என்று வந்து காலையிலிருந்து கல்லடியில் இருக்கிற வீட்டைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், றிஸ்லான் தம்பி. அந்த வீட்டை இறால் பண்ணை முதலாளி வினாயகமூர்த்திதான் கட்டித் தந்தான். ஆற்றுவாய்ப் பக்கத்து அரச காணியை நான் அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன், அவன் என் மகள் பிரஷாந்திக்கு வீடு கட்டிக் கொடுத்தான். ஏறாவூர்க்காரரான உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்கள் முஸ்லிம் ஆட்களானாலும் சரி, எங்கள் தமிழ் ஆட்களானாலும் சரி, பெண்ணுக்கு வீடில்லை என்றால் மாப்பிள்ளை பேச ஒருத்தனும் படியேற மாட்டான். வாலிப வயதில் நான் மேடை மேடையாக ஏறிச் சீதனத்தை ஒழிப்போம் என்று கத்தியவன். சொன்னபடியே வெறுங்கையோடு வந்தவளைத்தான் கட்டினேன். மகளுக்கு எழுதிக் கொடுக்க அவளிடம் ஒரு வீடு இல்லாமல் போனது அதனால்தான்.

ஆகவே வீட்டை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பதவி போனது, கட்சி கைகழுவியது, பேப்பர்க்காரர்கள் என் பழைய இயக்கப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். மகள் வீட்டைப் பூட்டிவிட்டு மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போன் எடுத்தால் பேசுகிறாளில்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது, மற்றதெல்லாம் சும்மா. ஆனால் தம்பி, நீங்கள் தோணிகளைப் பற்றி இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எங்கள் நெடுங்குடாவில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். மாரியில் ஆறு நிரம்பினால், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிட வேண்டும், அந்த இடம்தான் ஆற்றுவாய். வெட்டினால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். வெட்டப் பிந்தினால் முதலில் வட்டையில், அதுதான் வயல்வெளியில், வெள்ளாமை மூழ்கும், அதற்குப் பிறகு வீடுகள் மூழ்கும். நான் தலைவனானது அந்த மணலில்தான். ஆமிக்காரன் ஆற்றுவாய்க்கு ஒருவரையும் விடாத காலத்தில், நானும் என் கூட்டாளி சாமித்தம்பியும் அவனுடைய தகப்பனின் தோணியில் மண்வெட்டிகளோடு போனோம். காவலரணிலிருந்து சுட்டார்கள். மணலோடு மணலாகப் படுத்துக் கிடந்து வெட்டினோம். வாய் உடைந்த வேகத்தில் தண்ணீரின் இழுவை, தோணியையும் சாமித்தம்பியையும் சேர்த்துக் கடலுக்குள் கொண்டுபோனது. நீந்திக் கரைக்கு வந்து விழுந்தவன் என்ன சொன்னான் தெரியுமா?

“மச்சான், ஆமிக்குத் தப்பிட்டன். தோணி போனதுக்கு அப்பாக்கிட்ட எப்பிடித் தப்புறது?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. அன்றைக்குத்தான் ஊரில் ஒரு கட்டளை போட்டேன். ஆற்றுவாய் வெட்டுகிற நாளில் ஒரு தோணியும் தண்ணீரில் நிற்கக்கூடாது, எல்லாவற்றையும் அம்மன் கோயில் மேட்டில் ஏற்றி மரத்தோடு கட்டிவிட வேண்டும். இயக்கம் போனது, ஆமி போனது, சுனாமி வந்து போனது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கோயில் மேடு குடியிருப்புக்குப் பக்கத்தில் இல்லை, வட்டைக்கு அங்கால், மறுகரையில் இருக்கிறது. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சாமித்தம்பிக்கு மிதிவெடியில் ஒரு கால் போனது. எனக்கு முன்னால் நடந்ததால் போன கால் அது. நான் பாராளுமன்றம் போன பிறகு ஊரெல்லாம் என் வாசலில் வந்து நின்றது, அவன் வரவில்லை. மகள் தக்ஷாயினிக்கு ஒரு வேலை என்றுகூடக் கேட்கவில்லை. கட்டைக்காலோடு ஆற்றில் வலை வீசிக்கொண்டு இருந்தான். அதில் எனக்கு அவன்மீது கொஞ்சம் மனத்தாங்கல்தான். கேட்டிருந்தால் செய்திருப்பேன்.

போன மாரியில் ஆறு மளமளவென்று ஏறியது. வெட்டுவதற்கு நாள் குறிக்கும் கூட்டத்துக்கு நான்தான் தலைவர். கூட்டத்துக்கு முன்பே வினாயகமூர்த்தி வந்துவிட்டான்.

“அண்ணன், ரெண்டு நாள் மட்டும் பொறுங்க. இறால் பிடிக்கிற பருவத்துல நிக்கிது. இப்ப வெட்டினா இழுவையில குளத்துக் கட்டு உடைஞ்சி அவ்வளவும் கடலுக்குப் போயிரும். நம்மட ஊர்ப் பொம்புளையள்தானே அங்க வேல செய்யிற, அதுகள்ர வயித்துல அடிக்காதீங்க.”

அவன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை, பிரஷாந்தி குடிபுகுந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நானும் அந்தப் பெண்களைத்தான் நினைத்தேன், நம்புங்கள். மண் வெட்டும் பெக்கோ மெசின் பழுது, திருத்த இரண்டு நாளாகும் என்று கூட்டத்தில் சொன்னேன். பெக்கோவுக்கு ஒன்றுமில்லை, அதன் திறப்பு, சாவி, என் சட்டைப் பையில் கிடந்தது.

நெடுங்குடா ஊராரை அப்படி ஏய்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். எதிர்பார்த்தபடியே சாமித்தம்பி போன் எடுத்தான்.

“என்ன மச்சான், உன்ட பெக்கோவுக்குக் காய்ச்சலாமே? நீ வெட்டுறயா, இல்லாட்டி நாங்க போய் வெட்டட்டா? மண்வெட்டி துருப்பிடிக்கல்ல இன்னும்.”

அவர்கள் போயிருப்பார்கள். பண்ணைக்கு வேறு பக்கத்தால் லொறிப் பாதை இருந்தது, ஆனால் ஊரிலிருந்து ஆற்றுவாய்க்குத் தரைப்பாதை வெள்ளத்தில் மூடிக் கிடந்தது, தோணியில்தான் போகலாம். அவர்களிடம் தோணி இருந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை, வாய் தானாகவே சொன்னது.

“நீ ஏன்டா கட்டைக்காலோட அலையப்போறா? பெக்கோ சரியாகிட்டு. பின்னேரம் நான் வெட்டுறன். தோணியெல்லாத்தையும் மேட்டுல ஏத்தச் சொல்லு.”

“நீ சொன்னாக் காணும் மச்சான், வேற என்ன வேணும்” என்றான்.

அந்த மழைக்குள் கட்டைக்காலை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். பொழுதுபடுவதற்குள் ஊர்த் தோணி அவ்வளவும் வட்டைக்கு அங்கால் மேட்டில் ஏறிவிட்டது. வேறு ஊரில் இப்படி ஒரு பொய் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிராது, தம்பி. வேறு ஊரில் வெள்ளம் வருகிற நேரத்தில் தோணியை வீட்டு வாசலில் கட்டி வைப்பார்கள். எங்கள் ஊரார்தான் அதைத் தூரத்தில் கொண்டுபோய்க் கட்டுவார்கள், அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததால்.

மறுநாள் மத்தியானம் மேட்டுநிலத்துக் குளங்கள் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீரும் வந்து சேர்ந்தது. வட்டை கடல்போலக் கிடந்தது. மேட்டில் தோணிகள், இந்தப் பக்கம் கூரைகளில் சனம். எத்தனை பேர் போனார்கள் என்று உங்கள் கோப்பில் இருக்கிறது, நான் சொல்லவில்லை. பண்ணையில் கடைசிக் கூடை லொறியில் ஏறியது. அதன் பிறகு நான் ஆற்றுவாயில் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, முதல் வெட்டை என் கையாலேயே வெட்டினேன். படம் எடுத்தார்கள். அன்று பேப்பரில் நல்லவிதமாகத்தான் எழுதினார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு சாமித்தம்பியின் கட்டைக்கால் பண்ணை வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்தது. அவன் கிடைக்கவில்லை, இழுவை கொண்டுபோய்விட்டது. இந்த முறை அவன் நீந்தி வரவில்லை. தக்ஷாயினியையும் அவளுடைய கைக்குழந்தையையும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே எடுத்தோம். அவள் தாய், சாமித்தம்பியின் மனைவி கண்ணகை புளியமரத்துக் கொப்பில் தொங்கித் தப்பிவிட்டாள், பாவி. தக்ஷாயினியின் பாடையை நான் தோள்கொடுத்துத் தூக்கினேன். ஐயோ என்று வாய்விட்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தம்பி. அவனைப்போல் ஒருத்தன் எனக்கு இனி எந்தப் பிறப்பிலும் கிடைக்க மாட்டான்.

கண்ணகை இதுவரை வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். திறந்திருந்தால் நீங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் அவளுக்கு விளங்கவில்லை. நான் வெட்டினேன், வெட்டியும் வெள்ளம் வடியவில்லை என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருப்பாள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளம் வந்த அன்று காலை, தண்ணீர் கூரைக்கு ஏற முதல், அவள் எனக்குப் போன் எடுத்தாள். நான் அப்போது பண்ணையில் குளத்துக் கட்டின்மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் இறால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எதிரே மணல் திட்டு அப்படியே கிடந்தது, ஒரு கொக்கு அதில் நடந்து திரிந்தது.

“அண்ணன், தண்ணி வாசல்ல வந்திட்டு. வட்டையில இப்ப இடுப்பளவுதான் நிக்கிது. பொடியனுகள் நடந்து போய்த் தோணியள எடுத்துக்கிட்டு வரப் போறானுகளாம். இவருதான், அண்ணனக் கேக்காமப் போகாதீங்கடா, ஆத்துவாய் வெட்டியிரிந்தா இழுவை கொண்டு போயிரும் எண்டு மறிச்சு வெச்சிரிக்காரு. வெட்டியாச்சா அண்ணன்?”

இடுப்பளவு. போயிருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

“வெட்டியாச்சு தங்கச்சி. கொஞ்ச நேரத்தால வடிஞ்சிரும். ஒருத்தரையும் தண்ணியில இறங்க விடாதீங்க, வீட்டுக்குள்ளயே இரிங்க.”

“எனக்கு இப்பதான் உசிரு வந்திச்சி. நீங்க இரிக்கக்குள்ள எங்களுக்கு என்ன பயம்” என்றாள் கண்ணகை. பின்னால் சாமித்தம்பி, “நான் சொன்னன்தானே” என்று பொடியன்களுக்குச் சொல்வதும் கேட்டது.

அவ்வளவு நம்பிக் கேட்ட பிள்ளையிடம் இல்லை என்று எப்படித் தம்பி சொல்வது? ஒருவருடைய மனதை நோகடிக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.