பன்னிரண்டாம் ஊசி

உங்கள் பொலிஸ் நிலையத்துத் தேநீரில் சீனி கூடிப்போயிற்று, பிள்ளை. குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, ஆனாலும் குடித்துவிட்டேன். மரியாதைக்குத் தந்ததை மறுக்கக்கூடாது.

பெயர் ஐயாத்துரை. வயது அறுபத்தெட்டு. ஊர் கண்டாவளை. தொழில் என்ற இடத்தில் ஓய்வு என்று போடுங்கள். ஊரில் என்னை இஞ்சினியர் என்பார்கள். நான் இஞ்சினியர் இல்லை. முப்பத்தொரு வருடம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியவன். ஆனால் கூப்பிட்டவர்களை நான் திருத்தியதும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கூட்டிச் சொல்லுகிற ஆள். இரவில் கடிக்கிற கண்டாவளை நுளம்பு கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். கூட்டாமல் சொல்லும் இடம் வரும்போது உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் பன்றியில் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் காட்டுப்பன்றி உழவு இயந்திரத்தின் பின்சில்லு அளவு இருக்கும். ஒன்றுக்கு மீசைகூட இருந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வந்து, கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிப் பந்தி பந்தியாக இருந்து தின்றுவிட்டுப் போகும். அதற்காக வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து வீட்டுக் கரண்டை நேரே அதில் விடுவார்கள். சட்டப்படி குற்றம், நானும் செய்தேன், எழுதுங்கள். விடிந்தபிறகு சுவிச்சை நிறுத்த மறந்து மனிதர்களும் செத்திருக்கிறார்கள். அந்த மறதியை இல்லாமல் ஆக்கத்தான் நான் யோசித்தேன். பொழுது பட்டால் கம்பிக்கு உயிர் வரவேண்டும், விடிந்தால் போகவேண்டும். மனிதன் மறப்பான், கணினி மறக்காது. ஆகவே என்னுடைய நோக்கம் உயிரைக் காப்பாற்றுவதுதான். அதைத் தயவுசெய்து முதலில் எழுதுங்கள்.

பரந்தன் சந்தியில் கைத்தொலைபேசி திருத்துகிற முபாறக்கிடம் ஒரு சின்னக் கணினி வாங்கினேன். சவர்க்காரக் கட்டி அளவு. திரையும் இல்லை, பெட்டியும் இல்லை; ஒரு பச்சைத் தகடு, அதன் ஓரத்தில் பக்கத்துக்கு இருபதாக இரண்டு வரிசையில் நாற்பது ஊசிகள்.

"ஐயா, இதில லினக்ஸ் ஓடும். ஆனா ஒண்டைக் கொளுவினா இன்னொண்டு வேலை செய்யாது. இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு வந்து என்னைப் பேசக்கூடாது" என்றான் முபாறக்.

"நான் உன்னைப் பேசமாட்டன் தம்பி. வீட்டில மனுசி என்னைப் பேசுவா."

லினக்ஸ் என்பது கணினியை ஓட்டுகிற இலவச மென்பொருள். அவன் சொன்னது பொய்யில்லை. வைஃபை துண்டைச் சொருகினால், செத்தவீட்டில் கோபக்காரச் சொந்தக்காரனைக் கண்டவன் மாதிரி, லினக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு நாற்பது நாள். இந்தக் கணினிகளுக்கு மணிக்கூடும் கிடையாது. கரண்ட் போய் வந்தால் இன்றைக்கு என்ன தேதி என்றே அதற்குத் தெரியாது. மணிக்கூடு தெரியாதது எப்படிப் பொழுது படுவதை அறியும்? பற்றரியோடு ஒரு மணிக்கூட்டுச் சில்லை, நகத்தளவு சிப்பை, வாங்கிப் பொருத்தினேன். லினக்ஸ் அதையும் ஏற்கவில்லை. இரண்டு மாதம் மன்றாடினேன். ஒருநாள் பின்னேரம், அதில் கொளுவியிருந்த தொலைக்காட்சித் திரையில் சரியான நேரம் செக்கனோடு வந்து நின்றது. நான் குசினிக்குள் ஓடி என் மனைவி கமலாசனியைத் தூக்கிச் சுற்றினேன். தூக்கியது கூட்டல், சுற்றியது உண்மை.

பிறகு கம்பிக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைப் பொருத்தினேன். பன்னிரண்டாம் ஊசியில் கொளுவச் சொல்லிக் கையேட்டில் இருந்தது. எண்ணிக் கொளுவினேன். வேலை செய்யவில்லை. நான் எழுதிய நிரலில் இலக்கத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரு இலக்கத்துக்கு ரிலே 'டிக்' என்றது. போதும் என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஒருநாள் நண்பகல் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. வாய்க்காலோரம் ஒரு பன்றி அலறியது. பகலில் கம்பிக்கு உயிர் இருக்கக்கூடாது. போய்ப் பார்த்தால் கடைவாய் கம்பியில் ஒட்டியபடி கிடந்தது. மயிர் கருகிய மணம் மூன்று கிராமத்துக்கு அடித்தது. திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தேன். கணினி நித்திரையால் எழும்பும் பதினொரு செக்கனுக்கு, என் நிரல் வந்து பொறுப்பெடுக்குமுன், ரிலே தானாகக் கரண்டை விட்டது. லினக்ஸில் பிழை என்று ஊருக்குச் சொன்னேன். வெளிநாட்டு லினக்ஸ்காரருக்கு ஆறு பக்கத்தில் கடிதம் எழுதினேன். தங்களிடம் அப்படி நடக்கவில்லை என்று அவர்கள் ஒரு வரியில் பதில் போட்டார்கள். அந்த ஒரு வரியை ஊரில் எனக்கு வந்த பாராட்டாகச் சொன்னேன். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் பதினாலு பேர் தங்களுக்கும் இந்தப் பெட்டி வேண்டும் என்றார்கள். புதன்கிழமைக் கூட்டத்தில் நான் விளக்கம் கொடுப்பதாக ஏற்பாடு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒலிவாங்கிக்கு முன்னால் எனக்கு ஒரு கதிரை.

இடையில் மூக்கன் செத்தது. மூக்கன் யோகலிங்கத்தின் நாய். யோகலிங்கம் கமலாசனியின் தமையன், எனக்கு மச்சான், பக்கத்து வளவு, பழைய பஸ் கொண்டக்டர். கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரம் நாய் கம்பியை முகர்ந்திருக்கிறது. நாக்கு இரண்டாகக் கடிபட்டு, கண் இரண்டும் வெளியே வந்து கிடந்ததை அவன் சாக்கில் சுற்றி எடுத்துப்போனான். அடுத்தநாள் வெள்ளிக்கிழமை, கையில் ஒரு ஈர்க்கோடு வந்து தகட்டுக்கு முன்னால் குந்தினான்.

"எந்த ஊசியில கொளுவச் சொன்னது?"

"பன்னிரண்டு."

"நீ எப்பிடி எண்ணினனீ?"

ஒரு பக்க வரிசையில் மட்டும் மேலிருந்து கீழே பன்னிரண்டு எண்ணிக் காட்டினேன். அவன் ஈர்க்கால் ஒவ்வொரு ஊசியாகத் தொட்டான். பிறகு சிரிக்கத் தொடங்கினான்.

"பஸ்ஸில சீற் நம்பர் எப்பிடி மச்சான் வரும்? ஒண்டு இஞ்சால, ரெண்டு அங்கால, மூண்டு இஞ்சால. நீ யன்னல் பக்கத்தாலயே எண்ணிக்கொண்டு போயிருக்கிறாய். இது பன்னிரண்டில்லை, இருபத்திமூண்டு."

கையேட்டை விரித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது, கணினி எழும்பும்போது சும்மா இருக்கும் ஊசி. இருபத்துமூன்றாவது, எழும்பும்போதே துள்ளி ரிலேயைத் திறந்துவிடும் ஊசி. லினக்ஸில் ஒரு பிழையும் இல்லை.

"முப்பத்தொரு வருசம் கம்பத்தில ஏறினனீ. பன்னிரண்டு மட்டும் எண்ணத் தெரியேல்லையே, இஞ்சினியர்" என்றான். நானும் சிரித்தேன். எனக்குப் பகிடி பிடிக்கும்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "புதன்கிழமை நானே எழும்பி இதைச் சொல்லப்போறன். பதினாலு பேரும் உன்னைப்போல எண்ணிப்போட்டா, நாயோட நிக்காது."

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. கம்பியைக் கழற்றி மற்ற ஊசியில் கொளுவ ஒரு நிமிடம் போதும். அன்றைக்குச் செய்யவில்லை. சனிக்கிழமையும் செய்யவில்லை. ஞாயிறு காலை கமலாசனி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அண்ணை சொன்னதை மாத்திப்போட்டீங்களே?"

"ஓம், மாத்திப்போட்டன்."

அவள் அதை வேலியால் எட்டித் தமையனுக்குச் சொன்னாள். எனக்குக் கேட்டது.

இனி வருவதில் கூட்டல் இல்லை, பிள்ளை.

செவ்வாய் காலை பத்து மணி. யோகலிங்கம் வயலுக்குப் போய், வாய்க்காலால் வந்து, மருதமரத்தடியில் என் கம்பியைக் கையால் அமத்திப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டுத்தான் எங்கள் வளவுக்குள் வருவான். பகலில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். என் பெட்டியில் அவ்வளவு நம்பிக்கை. தினமும் தொடுமுன் ஒருமுறை கேட்பான். அன்றைக்கும் கேட்டான்.

"மச்சான், கம்பி நித்திரையோ?"

"நித்திரைதான். வா."

வெறுங்கால், முழங்கால் மட்டும் சேறு, கக்கத்தில் தங்கைக்கு ஒரு கட்டுப் பொன்னாங்காணி. மெயின் சுவிச் குசினி வாசலோடு இருக்கிறது. அவன் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கியதும் சுவிச்சை இறக்கி ஏற்றினேன். கணினியை மீண்டும் தொடக்குவது, வேறொன்றும் இல்லை. எந்தக் கோளாறுக்கும் முதலில் செய்வது அதுதான்.

கை கம்பியை இறுக்கிக்கொண்டது. விரல்களின் கீழிருந்து புகை வந்தது. தலை பின்னால் போய்த் தாடை பூட்டிக்கொண்டது. பல் ஒன்று உடைந்த சத்தம் குசினி வாசலுக்குக் கேட்டது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொன்றில் ரிலே கரண்டை நிறுத்தியது. அவன் முழங்காலில் விழுந்தான். என்னைப் பார்த்தான். வாயால் இரத்தம் வந்தது. ஏதோ சொல்லப் பார்த்தான். சொல்லத்தான் போகிறான் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கைத் தோல் கம்பியோடு ஒட்டியிருந்ததால் கையை எடுக்க முடியவில்லை. இரண்டாம் முறை இறக்கி ஏற்றினேன். உடம்பு வில்லாக வளைந்து நெற்றி மருதமரத்தில் அடித்தது, திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில். பதினொன்று. பிறகு அசைவில்லை. இரண்டு தடவையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மூன்றாம் முறையும் செய்தேன்.

கமலாசனி தேத்தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"அண்ணை வந்திட்டாரே?"

"வந்திட்டார்."

கண்டதும் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் எட்டி அவள் கையைப் பிடித்து, பதினொரு செக்கன் முடியுமட்டும் விடவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான். நான் கொடியவன் இல்லை, பிள்ளை.

மரண விசாரணையில் சட்டவிரோத மின்வேலியில் விபத்து என்று எழுதினார்கள். புதன்கிழமைக் கூட்டம் அஞ்சலிக் கூட்டமாக மாறியது. நான் கால் மணித்தியாலம் பேசினேன். லினக்ஸின் ஒரு பிழை என் மச்சானைக் கொண்டுபோயிற்று என்றேன். அழாதவர்கள் இல்லை, அமைப்பின் தலைவர் ஒலிவாங்கியையே நனைத்துவிட்டார். இந்த இடத்தில் கொஞ்சம் கூட்டல் உண்டு.

எட்டுச் செலவு, அதுதான் எட்டாம் நாள் சடங்கு, முடிந்த அன்று கம்பியைக் கழற்றிப் பன்னிரண்டாம் ஊசியில் கொளுவினேன். ஒரு நிமிடம். அன்றிலிருந்து ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் வந்து பெட்டியைக் கழற்றும்வரை அருமையாக ஓடியது.

அதிலிருந்த மெமரி கார்ட்டை முபாறக் உங்களுக்கு வாசித்துக் காட்டினானாம். ஊர் முழுக்கக் கரண்ட் இருந்த நேரத்தில், பத்து மணி நாலு நிமிடத்திலிருந்து மூன்று தடவை என் வீட்டில் மட்டும் கணினி நின்று எழும்பியிருக்கிறது. செக்கன்கூடப் பிசகில்லை என்று உங்கள் பொறுப்பதிகாரி ஆச்சரியப்பட்டார். அந்த மணிக்கூட்டுச் சில்லு என் வேலை. இரண்டு மாதம். அதை அவரிடம் சொல்லுங்கள்.

ஆகவே, ஆம். யோகலிங்கத்தைக் கொன்றது நான். தெரிந்து, நாலு நாள் யோசித்து, சுவிச்சை மூன்று முறை என் கையால் இறக்கி ஏற்றிக் கொன்றேன். வழக்கறிஞர் வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். ஒரேயொரு இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள், பிள்ளை. இது நீதிமன்றத்தில் சத்தமாக வாசிக்கப்படும், ஊர்ச்சனம் வந்திருக்கும். கொன்றது இருக்கட்டும். பன்னிரண்டு எண்ணத் தெரியாமல் இருபத்துமூன்றில் கொளுவினேன் என்பது வேண்டாம். அந்த இடத்தில் லினக்ஸில் பிழை என்றே போடுங்கள்.