மேடையில் வாசிக்க ஒரே ஒரு பெயர்

“இந்தப் பேரெல்லாத்தையும் வெட்டுங்கோ, தம்பி.”

முசலிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண், பக்கத்திலிருந்தவரின் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைக் காட்டிச் சொன்னார். மௌத்தான பெண்களை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுபவர். பக்கத்திலிருந்தவர் தன் உம்மாவின் நினைவாக வருடந்தோறும் கொடுக்கும் சேவை விருது, இம்முறை இவருக்காம். நான் பேப்பர் வாசிப்பதாக நடித்தேன்.

“ராத்தா, நீங்க குளிப்பாட்டின ஆக்களை மேடையில வாசிச்சாத்தானே சனத்துக்கு விளங்கும்?”

“குளிப்பாட்டினவள் அதை வெளிய சொல்லுறேல்ல. வாசிப்பீங்களெண்டா நான் விருதுக்கு வரமாட்டன்.”

“அப்ப எதைத்தான் வாசிக்கிறது?”

“உங்கட உம்மாவை வாசிங்கோ. ‘நான் மௌத்தானா என்னை இவதான் குளிப்பாட்டுவா’ எண்டு உயிரோட இருக்கேக்கையே தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்சவ அவ ஒராள்தான்.”

விருது கொடுப்பவர் சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தார். வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தேன். பஸ் குலுக்கிய குலுக்கலில் பெயர்களின் மேல் கோடுகள் கோணலாக விழுந்தன. உம்மாவின் பெயரில் ஒன்றும் படவில்லை.