குட்வில் எஸ்டேட் கொடியில் வெள்ளை யூனிஃபார்ம்

வண்டூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பச்சைச் சேலைக்காரர், பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரிடம் செல்போனை நீட்டினார். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஒன்று அதில் மடிந்து விழுந்தது.

“எங்க ஊரு தெர்மல் சிம்னி, அக்கா. நேத்து வெடி வச்சு சாச்சிட்டாங்க. இன்னிக்குத்தான் நிம்மதியா வெளிய துணி காயப்போட்டேன்.”

“சிம்னி மெயின்லேண்ட்ல. உன் துணி இந்தத் தீவுல, குட்வில் எஸ்டேட்ல. பாகல் ஹோ கயீ க்யா, பைத்தியமாடி உனக்கு?”

“பழக்கம்க்கா. எங்கம்மா சிம்னியப் பாத்துட்டுத்தான் துணியவே நனைப்பாங்க. புகை கடல் பக்கம் போனா வெளிய காயப்போடலாம். ஊர்ப்பக்கம் திரும்புச்சுன்னா வெள்ளைத் துணி பூரா சாம்பலாயிடும்.”

“இங்க ஏதுடி சாம்பல்?”

“எங்க வீட்டுக்காரரும் அதத்தான் கேப்பாரு. பன்னெண்டு வருஷமா அவரு வெள்ளை யூனிஃபார்ம ஃபேனுக்கு அடியிலதான் காயப்போடுறேன். பிளாண்ட மூடியாச்சுன்னு அம்மா சொன்னப்பகூட நம்பல. மறுபடி ஓட்டிட்டாங்கன்னா?”

“இப்ப நம்பிட்டியாக்கும்.”

“கண்ணால பாத்துட்டேனே! நாளைக்குக் காலைல அவருக்குக் கார் நிக்கோபார் தீவுக்குப் போற கப்பல்ல டூட்டி. ரெண்டு செட் யூனிஃபார்மும் வெளிக்கொடியிலதான். வீட்டப் பூட்டிட்டுக் கிளம்பிட்டேன்.”

பஸ் கூரையில் தடதடவென்று மழை இறங்கியது. “கிட்கி பந்த் கரோ!” என்று கண்டக்டர் கத்த, எல்லோரும் ஜன்னல்களை அடைத்தோம்.

பச்சைச் சேலைக்காரர் செல்போனில் விழுந்து கிடந்த சிம்னியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நின்னுக்கிட்டு இருந்த வரைக்கும் என் துணி ஒருநாளும் நனைஞ்சதில்லக்கா.”